கருப்புப் பெட்டி யார் கையில் இருக்க வேண்டும்?

ஏர் இந்தியா 171 அகமதாபாத்தில் விழுந்தது 2025 ஜூன் 12 அன்று. முதற்கட்ட அறிக்கை ஒரு மாதத்தில் வந்துவிட்டது. மொத்தம் 15 பக்கம். அதில் உலகமே பிடித்துக்கொண்டது ஒரு பத்தியைத்தான். விமானம் மேலெழும்பிய சில நொடிகளில் இரண்டு இன்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் 'ரன்' நிலையிலிருந்து 'கட்ஆஃப்' நிலைக்குப் போயின. ஏன் அணைத்தீர்கள் என்று ஒரு விமானி கேட்கிறார். நான் அணைக்கவில்லை என்கிறார் மற்றவர். பத்து நொடி கழித்து முதல் சுவிட்ச் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அதற்கு நான்கு நொடி கழித்து இரண்டாவது. அதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது.

கேட்டது யார், பதில் சொன்னது யார் என்று அறிக்கை சொல்லவில்லை. அவர்கள் பேசிய சொற்களையும் அப்படியே தரவில்லை, சாரத்தை மட்டும் இரண்டு வரியில் தந்தது. அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு மறுநாளே ஊர் ஊராகத் தீர்ப்பு எழுதினார்கள். விமானிகள் சங்கங்கள் கொதித்தன. இறந்துபோன ஒரு விமானியின் வயதான தந்தை சுதந்திரமான விசாரணை வேண்டும் என்று உச்ச நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

எது நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. என்னை உறுத்துவது வேறு. இந்த விபத்தை விசாரிப்பது விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு. அது சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. விமான நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்து, அதன் பராமரிப்பைக் கண்காணிக்க வேண்டிய டிஜிசிஏவும் அதே அமைச்சகத்தின் கீழ்தான். புலனாய்வாளர்கள் நேர்மை இல்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே பாடுபட்டு வேலை செய்பவர்களாக இருக்கலாம். ஆனால் அவர்கள் எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் அமைச்சகத்தைக் காப்பாற்ற எழுதியது என்று ஒரு பாதியும், அமெரிக்க விமானத் தயாரிப்பாளரைக் காப்பாற்ற எழுதியது என்று இன்னொரு பாதியும் சொல்லும். 260 உயிர் போன ஒரு விபத்தின் உண்மை, வெளிவரும்போதே சந்தேகத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. அந்தக் குடும்பங்களுக்கு நாம் தரக்கூடியது உண்மை ஒன்றுதான், அதையும் இப்படியா கொடுப்பது?

விமான விபத்து அறிக்கைகளைப் படிக்கும் பழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. விமானத் துறையோடு எந்தத் தொடர்பும் கிடையாது, டிக்கெட் எடுத்துப் போகிற பயணிதான். நூற்றுக்கணக்கான பக்கம், வரைபடம், அட்டவணை, கடைசியில் பரிந்துரைகள். நல்ல அறிக்கை ஒன்றைப் படித்து முடிக்கும்போது மனிதர்கள் மீது ஒரு மரியாதை வரும். உலோகத்தில் ஏற்பட்ட நூலிழை விரிசலிலிருந்து ஆரம்பித்து, அதைக் கவனிக்காமல் விட்ட இரவுப் பணியாளரின் வேலை நேரம் வரை போய், அப்படி அவரை வேலை வாங்கிய நிர்வாகத்தின் சிக்கன நடவடிக்கை வரை தேடியிருப்பார்கள். இன்று விமானப் பயணம் இவ்வளவு பாதுகாப்பாக இருப்பதற்கு அந்தத் தேடல்தான் காரணம் என்று நம்புகிறேன். மோசமான அறிக்கைகளும் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் பலவற்றுக்கு ஒரு பொது அடையாளம் உண்டு: விசாரணை மேலே போகப் போக, எழுதுகிறவரின் சொந்த அரசு எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் தேடல் நின்றுவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 1944 டிசம்பரில் கையெழுத்தான சிகாகோ ஒப்பந்தத்தின் 26ஆம் பிரிவுப்படி, விபத்து எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாடுதான் விசாரணையை நடத்த வேண்டும். அதன் விவரங்கள் 1951இல் ஏற்கப்பட்ட 13ஆம் இணைப்பில் இருக்கின்றன. விமானம் பதிவான நாடு, அதை இயக்கிய நாடு, வடிவமைத்த நாடு, தயாரித்த நாடு ஆகியவை தங்கள் பிரதிநிதிகளை அனுப்பலாம். அவர்கள் பார்க்கலாம், கேட்கலாம், வரைவு அறிக்கைக்குக் கருத்து எழுதலாம். ஆனால் பேனா விபத்து நடந்த நாட்டின் கையில். விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, யார் மீதும் பழி சுமத்துவது அல்ல என்றும் அந்த இணைப்பு சொல்கிறது. அருமையான வாசகம். ஆனால் பழி தன் மீது விழும் என்று பயப்படுகிற ஓர் அரசிடம் அதைக் கொடுத்து, நீயே விசாரித்துக்கொள் என்றும் சொல்கிறோமே?

இதற்கு எதேச்சாதிகார நாட்டைத்தான் உதாரணமாகக் காட்ட வேண்டும் என்பதில்லை. நியூசிலாந்தை எடுத்துக்கொள்வோம்.

1979 நவம்பர் 28. ஏர் நியூசிலாந்து 901, அண்டார்டிகாவைச் சுற்றிக்காட்டும் உல்லாசப் பயணம். பகல் வெளிச்சத்தில், இன்ஜின்கள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க, டிசி-10 விமானம் எரபஸ் எரிமலையின் சரிவில் நேராகப் போய் மோதியது. 257 பேரும் இறந்தார்கள். விமான நிறுவனம் அரசுடையது. அரசின் தலைமை விபத்து ஆய்வாளர் 1980இல் அறிக்கை கொடுத்தார்: பார்வை தெளிவில்லாத இடத்தில் தாழப் பறப்பதைத் தொடர்ந்த கேப்டனின் முடிவே காரணம். கேப்டன் இறந்துவிட்டார், பதில் சொல்ல ஆளில்லை. விவகாரம் அங்கேயே முடிந்திருக்கும்.

மக்கள் விடவில்லை. அரசு பீட்டர் மேஹன் என்ற நீதிபதியின் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. அவர் தோண்டத் தோண்ட வேறு கதை வந்தது. விமானிகளுக்கு நவம்பர் 9 அன்று விளக்கக் கூட்டம் நடந்தபோது காட்டிய பாதை, மலையை விட்டு விலகி, மெக்மர்டோ நீரிணையின் தட்டையான பனிப்பரப்பின் மேல் போனது. விமானம் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, நள்ளிரவு தாண்டி, நிறுவனத்தின் வழிகாட்டல் பிரிவு கணினியில் இருந்த கடைசிப் புள்ளியின் ஆயத்தொலைகளை மாற்றியது. சுமார் 27 மைல் கிழக்கே. அதாவது பாதை இப்போது எரிமலையின் நெற்றிக்கே போகிறது. அதை விமானிகளிடம் யாரும் சொல்லவில்லை. காலையில் அவர்கள் தாளில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக விமானக் கணினியில் தட்டினார்கள். எண்கள் சரியாக ஏறின. எதிரே வெள்ளைப் பனிச்சரிவு, மேலே வெள்ளை மேகம், இரண்டும் கலந்து தட்டையான சமவெளி போலவே கண்ணுக்குத் தெரிந்தது. தாங்கள் நீரிணையின் மேல் போகிறோம் என்று கடைசி வரை நம்பினார்கள்.

அதோடு முடியவில்லை. விபத்துக்குப் பின் நிறுவனத்தில் ஆவணங்கள் கிழித்து அழிக்கப்பட்டன. கேப்டன் வைத்திருந்த வளையக் குறிப்பேடு ஒன்று மலையில் கிடைத்தது. அதை எடுத்த காவல்துறைக்காரர் பக்கங்களோடு பார்த்திருக்கிறார். குடும்பத்துக்குத் திரும்பி வந்தபோது அட்டை மட்டும் இருந்தது. நிறுவனத்தின் சாட்சியங்களைக் கோத்து அடுக்கிய பொய்களின் வரிசை என்று மேஹன் எழுதினார். அந்தச் சதிக் குற்றச்சாட்டைச் சொல்லும் முன் எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல வாய்ப்பு தரவில்லை என்று மேல்முறையீட்டில் அவர் மீது குறை வந்தது. ஆனால் விபத்துக்கான காரணம் பற்றி அவர் சொன்னதை யாரும் தள்ளவில்லை. இருந்தும் அந்த அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது 1999இல். பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் அரசு சார்பில் மன்னிப்புக் கேட்டது 2019இல். நாற்பது ஆண்டு.

பத்திரிகைச் சுதந்திரமும் நீதிமன்றச் சுதந்திரமும் உள்ள ஒரு நாட்டில், அரசு தன்னையே விசாரித்தபோது முதல் பதில் 'கேப்டன்' என்று வந்தது. அந்தத் தலைமை ஆய்வாளர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து அவருக்குத் தெரிந்தது அதுதான். அரசுக்கு வெளியே நிற்கிற ஒருவர் வந்த பிறகுதான் மீதி தெரிந்தது. அங்கே அப்படி ஒரு நீதிபதி கிடைத்தார். கிடைக்காத நாடுகளில் என்ன செய்வது?

கொரியன் ஏர் லைன்ஸ் 007 பற்றி எல்லோருக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கும். 1983 செப்டம்பர் 1 அன்று பாதை தவறி சோவியத் வான்வெளிக்குள் போன 747 விமானத்தை சகாலின் தீவு அருகே போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேர். அதற்குப் பிறகு கடலுக்கடியில் நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். அமெரிக்க, ஜப்பானியக் கப்பல்கள் கருப்புப் பெட்டிகளைத் தேடி அலைந்தன. சோவியத் கப்பல்களும் தேடிக்கொண்டே இருந்தன. ஆனால் பெட்டிகளை சோவியத் கடற்படை அந்த ஆண்டே எடுத்துவிட்டது. எடுத்த பிறகும் மற்றவர்களை ஏமாற்றத் தேடுவது போல நடித்தார்கள். பதிவுகளைக் கேட்டுப் பார்த்துவிட்டு, இது நமக்குச் சாதகமாக இல்லை, வெளியே சொல்ல வேண்டாம் என்று மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார்கள். அந்தக் குறிப்புகள் 1992இல் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தன.

இதற்கிடையே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அதாவது ஐ.சி.ஏ.ஓ., 1983 டிசம்பரிலேயே ஓர் அறிக்கை கொடுத்திருந்தது. கையில் பெட்டி இல்லை, ஊகங்கள் மட்டும். இப்படி நடந்திருக்கலாம், அப்படியும் நடந்திருக்கலாம் என்று எழுதத்தான் முடிந்தது. 1993 ஜனவரியில் நாடாக்கள் ஐ.சி.ஏ.ஓ. கைக்கு வந்தன, பாரிஸில் படிக்கப்பட்டன. அந்த ஆண்டே இரண்டாவது அறிக்கை வந்தது. விமானத்தைத் தானாக ஓட்டும் கருவி வழிகாட்டும் கணினியோடு இணையாமல் ஒரே திசைக்கோணத்தில், காந்தத் திசை 245 டிகிரியில் நின்றிருந்தது, விமானிகள் ஐந்து மணி நேரத்துக்கு மேல் அதைக் கவனிக்கவில்லை. அவ்வளவுதான் மர்மம். உளவு விமானம் என்று ஒரு பக்கமும், வேறு என்னென்னவோ கதைகள் இன்னொரு பக்கமும் பத்து ஆண்டு ஓடின. இரண்டு அறிக்கைகளையும் தயாரித்தது ஒரே அமைப்பு. வித்தியாசம் ஆதாரம் கையில் இருந்ததா இல்லையா என்பது மட்டும்.

அதனால்தான் 'சர்வதேச விசாரணை வேண்டும்' என்று பொதுவாகச் சொல்கிறவர்களோடு நான் முழுதாக உடன்படவில்லை. சர்வதேச அமைப்பு என்ற பெயர்ப்பலகை மட்டும் எதையும் செய்யாது. அதற்கு மிக வேதனையான உதாரணம் ஐ.நா.வே. அதன் பொதுச் செயலாளர் டாக் ஹமர்ஷோல்ட் 1961 செப்டம்பரில் இன்றைய ஜாம்பியாவில் உள்ள இண்டோலா அருகே விமான விபத்தில் இறந்தார். உள்ளூர்க் காலனி அரசின் விசாரணை விமானி பிழை என்றது. சந்தேகம் தீரவில்லை. பல பத்தாண்டு கழித்து ஐ.நா. பொதுச்சபை மறுபடி விசாரணையைத் தொடங்கியது. தான்சானியாவின் முன்னாள் தலைமை நீதிபதி முகமது சாண்டே ஒத்மான் அதை நடத்தினார். சில நாடுகளின் உளவு ஆவணங்களில் தகவல் இருக்கக்கூடும், அவர்கள் முழுதாகத் தரவில்லை என்று அவர் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. தன் சொந்தத் தலைவரின் மரணத்தைப் பற்றிய காகிதங்களை உறுப்பு நாடுகளிடமிருந்து வாங்க முடியாத அமைப்பு, ஒரு சாதாரணப் பயணியின் மரணத்துக்காக எதை வாங்கிவிடும்?

இன்னொரு எச்சரிக்கை, மாஸ்கோவில் இருக்கும் எம்.ஏ.கே. என்ற அமைப்பு. சோவியத் சிதறிய 1991இல் பல நாடுகள் சேர்ந்து அமைத்தது. பெயரளவில் பன்னாட்டு அமைப்பு. ஆனால் நெடுங்காலம் விமானங்களுக்குச் சான்றிதழ் கொடுத்ததும் அதுவே, அவை விழுந்தால் விசாரித்ததும் அதுவே. 2010 ஏப்ரலில் ஸ்மோலென்ஸ்கில் போலந்து அதிபர் லெக் கசின்ஸ்கி உட்பட 96 பேர் இறந்த விபத்தை எம்.ஏ.கே. விசாரித்தது. போலந்துக் குழுவினரைக் குறை சொன்னது, ரஷ்யத் தரைக் கட்டுப்பாட்டாளர்கள் மீது கை வைக்கவில்லை. போலந்து தனியாக ஒரு குழு போட்டு, விமானிகளின் தவறுகளை ஒப்புக்கொண்டு, கட்டுப்பாட்டாளர்களின் தவறுகளையும் எழுதியது. அந்தக் காயம் இன்னும் போலந்து அரசியலில் சீழ் பிடித்துக் கிடக்கிறது.

சரி, அப்படியானால் திறமையும் வசதியும் உள்ள நாடுகளிடம் விட்டுவிடலாமே, அமெரிக்காவின் என்.டி.எஸ்.பி. இல்லையா என்று கேட்கலாம். உலகிலேயே நான் அதிகம் மதிக்கும் விசாரணை அமைப்புகளில் அதுவும் ஒன்று. 1974இல் சட்டம் போட்டுப் போக்குவரத்துத் துறையிலிருந்து அதை முழுதாகப் பிரித்தார்கள். மற்ற நாடுகள் செய்யத் தயங்கும் காரியம் அது. ஆனாலும் விழுகிற விமானங்களில் பாதி அமெரிக்கத் தயாரிப்பாக இருக்கும் உலகத்தில், அமெரிக்க அமைப்பு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் நடுவராக இருக்க முடியாது. 1999இல் எகிப்து ஏர் 990 அட்லாண்டிக்கில் விழுந்து 217 பேர் இறந்தபோது, எகிப்தே விசாரணையை என்.டி.எஸ்.பி.யிடம் கொடுத்தது. துணை விமானி கொடுத்த இயக்கங்களால் விமானம் கீழே பாய்ந்தது என்று முடிவு வந்ததும், இல்லை, போயிங்கின் வால் இறகில் கோளாறு என்று எகிப்து தனி அறிக்கை எழுதியது. இரண்டில் எது சரி என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஆனால் கெய்ரோவில் இருக்கும் ஒரு தாயிடம் அதை எப்படி நிரூபிப்பேன்? இரு தரப்புக்கும் பணயம் இருந்ததே.

போயிங் 737 மேக்ஸ் விவகாரம் இதைவிடப் பெரிய பாடம். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் 302 விழுந்து 157 பேர் இறந்தார்கள். ஐந்து மாதத்துக்கு முன்புதான் லயன் ஏர் 610 விமானத்தில் 189 பேர் இறந்திருந்தார்கள். ஏழை நாட்டு விமானிகளின் பயிற்சி போதாது என்ற பேச்சு உடனே கிளம்பியது. சீனா மறுநாளே அந்த ரக விமானங்களைத் தரையிறக்கியது, வடிவமைத்த நாடான அமெரிக்கா 13ஆம் தேதிதான் செய்தது. எத்தியோப்பியா ஏப்ரல் தொடக்கத்தில் கொடுத்த முதற்கட்ட அறிக்கை, தவறான உணரித் தகவலால் விமானத்தின் மூக்கு தானாகவே திரும்பத் திரும்பக் கீழே தள்ளப்பட்டதைத் தெளிவாகக் காட்டியது. உண்மையை அட்டவணையாகப் போட்டது அடிஸ் அபாபா. ஆனால் 2022 டிசம்பரில் வந்த இறுதி அறிக்கையில் அதே எத்தியோப்பியா, விமானிகள் நடந்துகொண்ட விதம் பற்றி என்.டி.எஸ்.பி.யும் பிரான்ஸின் விபத்து விசாரணை அமைப்பான பி.இ.ஏ.யும் எழுதிய கருத்துகளுக்கு உரிய இடம் தரவில்லை. இரண்டும் தனித்தனியாகத் தங்கள் கருத்துகளை வெளியிட வேண்டி வந்தது. போயிங்கின் குற்றத்தை எழுதக் கூசாத கை, தன் சொந்த விமான நிறுவனத்துப் பக்கம் வந்ததும் தயங்கியது. இதில் எனக்கு எத்தியோப்பியா மீது கோபம் வரவில்லை. அந்தப் பேனாவை அவர்கள் கையில் திணித்த ஏற்பாட்டின் மீதுதான் வருகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1997இல் இந்தோனேசியாவின் மூசி ஆற்றில் செங்குத்தாக விழுந்த சில்க் ஏர் 185, 104 பேர். காரணம் தெரியவில்லை என்றது இந்தோனேசிய அறிக்கை, தெரிகிறது, வேண்டுமென்றே செய்யப்பட்டது என்றது என்.டி.எஸ்.பி. 2020 ஜனவரி 8 அன்று தெஹ்ரானில் சுட்டு வீழ்த்தப்பட்ட உக்ரைன் விமானம், 176 பேர். இயந்திரக் கோளாறு என்று மூன்று நாள் சொன்ன அதே ஈரான் அரசுதான் 13ஆம் இணைப்பின்படி அதிகாரப்பூர்வ விசாரணையாளர். 2022 மார்ச்சில் சீனாவில் விழுந்த சைனா ஈஸ்டர்ன் 5735, 132 பேர். கருப்புப் பெட்டிகள் வாஷிங்டனுக்குப் போய்ப் படிக்கப்பட்டன. படித்தவர்களுக்கு வெளியிடும் உரிமை கிடையாது, அது பெய்ஜிங்குக்கு உரியது. மூன்றாம் ஆண்டு நினைவு நாள் கடந்த பிறகும் இறுதி அறிக்கை வரவில்லை. இந்தக் கடைசி உதாரணத்தை நான் அடிக்கடி நினைப்பேன். ஆதாரம் உலகத்தின் மிகச் சிறந்த ஆய்வகத்தில் இருக்கிறது, என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 132 குடும்பங்களுக்கு மட்டும் தெரியாது.

ஒழுங்காக நடந்தது என்று நான் காட்டக்கூடிய ஒன்று மலேசிய ஏர்லைன்ஸின் எம்.எச்.17. 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைன் வானில் 298 பேரோடு அந்த விமானம் நொறுங்கியது. போர் நடக்கும் பூமி. ஆளுக்கொரு கதை சொன்னார்கள். விசாரிக்க வேண்டிய உக்ரைன், தானே அந்தப் போரில் ஒரு தரப்பு. அது பொறுப்பை நெதர்லாந்தின் பாதுகாப்பு வாரியத்திடம் ஒப்படைத்தது. பிரிவினைவாதிகள் கருப்புப் பெட்டிகளை மலேசிய அதிகாரிகளிடம் கொடுத்தார்கள், அங்கிருந்து அவை இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வகத்துக்குப் போயின. 2015 அக்டோபரில் அறிக்கை வந்தது: பக் ரக ஏவுகணை. அதோடு நிற்காமல், அந்த வான்வெளியை மூடுவதற்கு உக்ரைனுக்குப் போதிய காரணம் இருந்தது, மூடவில்லை என்றும் எழுதினார்கள். பொறுப்பை ஒப்படைத்த நாட்டையே குறை சொன்னார்கள். அந்த வரியைப் படித்தபோதுதான் இந்த அறிக்கையை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவுக்கும் இறந்தவர்களில் அதிகமானோர் நெதர்லாந்துக்காரர்கள், கோபத்தில் எழுத அவர்களுக்குக் காரணம் இருந்தது. இது உக்ரைன் மனமுவந்து செய்ததால் நடந்தது. நான் கேட்பது, இது மனதைப் பொறுத்த விஷயமாக இருக்கக் கூடாது என்பதுதான்.

எல்லா விபத்துகளையும் ஒரே சர்வதேச அமைப்பிடம் தூக்கிக் கொடுக்கச் சொல்லவில்லை. ஓடுபாதையில் டயர் வெடித்ததற்கெல்லாம் ஐ.சி.ஏ.ஓ. தலைமையகம் இருக்கும் மான்ட்ரியாலிலிருந்து ஆள் வர வேண்டாம். உடைந்த துண்டுகளைப் பொறுக்க, உள்ளூர் மொழியில் சாட்சிகளிடம் பேச, விமானி அறையில் பேசிய பேச்சின் தொனியைப் புரிந்துகொள்ள உள்ளூர்ப் புலனாய்வாளர்கள்தான் வேண்டும். ஆனால் விமான நிறுவனம் அரசுடையது, அல்லது சுட்டது அரசின் ராணுவம், அல்லது விசாரிக்கும் அமைச்சகமே கண்காணிக்கத் தவறிய அமைச்சகம் என்றால், தலைமைப் பொறுப்பு தானாகவே வெளியே, ஒரு சர்வதேச அமைப்பிடம் போய்விட வேண்டும். யாரும் கேட்டு, யாரும் சம்மதித்து அல்ல. தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் 2024 டிசம்பர் 29 அன்று ஜெஜு ஏர் விமானம் ஓடுபாதைக்கு அப்பால் இருந்த கான்கிரீட் மேட்டில் மோதி 179 பேர் இறந்தார்கள். விசாரித்த வாரியமும் விமான நிலையங்களுக்குப் பொறுப்பான அமைச்சகமும் அப்போது ஒரே குடையின் கீழ் இருந்தன. குடும்பங்கள் அந்த விசாரணையை நம்ப மறுத்தது ஆச்சரியமா?

கருப்புப் பெட்டி கிடைத்த உடனே, அதைத் திறப்பதற்கு முன்பு, பதிவின் முழுப் பிரதி ஒன்று அந்தச் சர்வதேச அமைப்பிடம் போய்ச் சேர வேண்டும். உள்ளூரில் படித்தாலும் சரி, வெளியூரில் படித்தாலும் சரி, மூலத்தை மறைப்பதால் யாருக்கும் லாபமில்லாத நிலை வந்துவிடும். மறைக்க வழியில்லை என்று தெரிந்தால் மறைக்கும் ஆசையும் பாதி குறைந்துவிடும். அப்புறம் வெளியிடும் தேதி. 13ஆம் இணைப்பு 12 மாதத்துக்குள் இறுதி அறிக்கை தர முயல வேண்டும் என்கிறது, முடியாவிட்டால் ஒவ்வோர் ஆண்டு நிறைவிலும் இடைக்கால அறிக்கை. ஒரு நாடு இதைத் தொடர்ந்து செய்யவில்லை என்றால், வெளியிடும் உரிமை அந்த அமைப்புக்கு மாற வேண்டும். சைனா ஈஸ்டர்ன் குடும்பங்களுக்கு இந்த ஒரு விதி போதும்.

அந்த அமைப்பு ஐ.சி.ஏ.ஓ.வாகவே இருக்கலாமா? இன்றைய வடிவத்தில் கூடாது. அதன் ஆட்சிக்குழுவில் 36 நாடுகளின் அரசுப் பிரதிநிதிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். இருந்தாலும் அதற்கு அனுபவம் இல்லாமல் இல்லை. 1988இல் அமெரிக்கப் போர்க்கப்பல் 290 பேரோடு ஈரான் ஏர் 655ஐ வீழ்த்தியபோதும் அது உண்மை கண்டறியும் குழு அனுப்பியது. 2021 மே மாதம் ரயன்ஏர் விமானத்தைப் பொய்யான வெடிகுண்டு மிரட்டல் சொல்லி மின்ஸ்கில் இறக்கினார்களே, அதிலும் முதல் அறிக்கையில் யார் செய்தது என்று சொல்ல முடியாமல் நின்றது. பெலாரூஸை விட்டு வெளியேறிய ஒரு கட்டுப்பாட்டாளர் ஒலிப்பதிவுகளோடு சாட்சி சொன்ன பிறகுதான், மிரட்டலே பொய், அதன் பின்னால் பெலாரூஸ் அதிகாரிகள் இருந்தார்கள் என்று 2022 ஜூலையில் எழுத முடிந்தது. ஒரு தனி மனிதர் உயிரைப் பணயம் வைத்ததால் வந்த உண்மை அது. ஐ.சி.ஏ.ஓ.வுக்குள்ளேயே ஆட்சிக்குழுவின் கைக்கு எட்டாத தனி வாரியமாக, உறுப்பினர்களை நீக்க முடியாத பதவிக்காலத்தோடு, தனி நிதியோடு இதை அமைக்கலாம். ஆண்டுக்கு 400 கோடிக்கும் அதிகமானோர் பறக்கிறார்கள். தலைக்கு ஒரு அமெரிக்க சென்ட் என்றால் 4 கோடி டாலர் சேரும். எந்த அரசிடமும் கையேந்த வேண்டியதில்லை.

இறையாண்மை என்று ஒரு வாதம் வரும். அணு உலைகளுக்குள்ளேயே வெளிநாட்டு ஆய்வாளர்களை விட்டு, கேமராவும் முத்திரையும் வைக்க அரசுகள் சம்மதித்திருக்கின்றன. அதைவிடவா விமானி அறையின் இரண்டு மணி நேர ஒலிப்பதிவு பெரிய தேச ரகசியம்? அதோடு இந்த விபத்துகளில் இறப்பவர்கள் ஒரு நாட்டவர் அல்ல. தெஹ்ரானில் விழுந்த விமானத்தில் கனடாக்காரர்கள் மட்டுமே ஐம்பதுக்கும் மேல். அகமதாபாத் விமானத்தில் பிரிட்டிஷ், போர்த்துகீசியக் குடிமக்கள் இருந்தார்கள். அவர்களின் அரசுகள் ஓரமாக நின்று பார்க்க மட்டுமே உரிமை உள்ளவை.

வழி எளிதல்ல. இணைப்புகளைத் திருத்தினால் போதாது, ஏனென்றால் 38ஆம் பிரிவைக் காட்டி எந்த நாடும் 'எங்களுக்கு இது வேறு மாதிரி' என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகலாம். ஒப்பந்தத்தின் 26ஆம் பிரிவையே திருத்த வேண்டும், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் ஒப்புதல் தர வேண்டும். கொரியன் 007க்குப் பிறகு, பறக்கும் பயணிகள் விமானம் மீது ஆயுதம் பயன்படுத்தக் கூடாது என்ற திருத்தம் 1984இல் ஒருமனதாக நிறைவேறியது. யாருமே எதிர்க்காத அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1998 அக்டோபரில்.

ஆனால் 13ஆம் இணைப்பு இன்றைக்கே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. விசாரணையை முழுதாகவோ பகுதியாகவோ வேறொரு நாட்டிடமோ வட்டார அமைப்பிடமோ ஒப்படைக்கலாம் என்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா, கானா உள்ளிட்ட சில நாடுகள் சேர்ந்து அப்படி ஒரு பொது அமைப்பு வைத்திருக்கின்றன. விபத்து நடந்த பிறகு, தொலைக்காட்சிக் கேமராக்கள் முன்னால், ஒப்படைப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதுதான் சிக்கல். அதை முன்கூட்டியே செய்யலாம். அரசின் பங்கு உள்ள எந்த விபத்தையும் இன்னார் விசாரிப்பார் என்று இரண்டு நாடுகள் இன்றே கையெழுத்துப் போட்டுக்கொள்ள எந்த ஒப்பந்தத் திருத்தமும் தேவையில்லை. 2014இல் உக்ரைன் சில நாளில் செய்ததை, அமைதியான ஒரு நாளில் உட்கார்ந்து இந்தியாவும் செய்யலாம், கொரியாவும் செய்யலாம். அமைச்சரவை முடிவு ஒன்றும், எதிர்த்தரப்பில் ஒரு கையெழுத்தும் போதும்.